வீட்டில் அரபு கற்கும் பிள்ளையின் பாடப்பெட்டி

பசறையைத் தாண்டி மேலே ஏறும் பாதையில் ஒரு தோட்டத்துக் கடைவீதி. ஐந்தாறு கடைகள்தாம். அவற்றில் ஒன்றின் பின்புறத்து வீட்டில் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்திருந்தேன். வீட்டுக்காரச் சகோதரி நாற்காலியில் ஏறி, அலுமாரியின் மேலிருந்து ஒரு பெரிய ஷொப்பிங் பேக்கை இறக்கி என் முன்னால் வைத்தார்.

“மௌலவி, மகள் அரபு படிச்சதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. அவள் இனிப் படிக்க மாட்டேன் என்கிறாள். எதை வைக்கிறது, எதை விடுறது என்று எனக்கு விளங்குதில்லை. அரபு எழுத்து இருக்கிறதால வீசவும் பயமாக் கிடக்கு” என்றார்.

மகள் தரம் ஒன்பதில் படிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு அரபு மொழியை ஒரு தெரிவுப் பாடமாக எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, ஆசையோடு தொடங்கியவள். அவளது பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆகவே வீட்டிலிருந்துதான் படிக்க வேண்டும். தரம் பத்துக்குப் போகும்போது அரபை எடுப்பதா விடுவதா என்று முடிவு சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

பையை விரித்துப் பார்த்தேன். அலிஃப், பே கிதாபு இரண்டு. ஜுஸ்உ அம்ம மூன்று. மதீனாப் பாடநூலின் முதற்பாகம் போட்டோக் கொப்பியாக, நடுவில் பத்துப் பக்கங்கள் இல்லாமல். அதே நூல் வேறோர் அச்சில் முழுமையாக, ஆனால் ஐந்தாம் பாடத்துக்குமேல் கைபடாமல். வேறு இரண்டு ஆரம்ப நூல்கள். பாதி எழுதிய கொப்பிகள் ஏழு. உம்மம்மாவின் யாஸீன் கிதாபும் எப்படியோ அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனித் தாள்கள் ஒரு கட்டு. பாடக் குறிப்புகள், வினை வாய்ப்பாடுகள், பயிற்சிகள். ஒன்றிலும் எண் இல்லை, திகதி இல்லை, எந்த நூலின் எந்தப் பாடத்துக்கு உரியது என்ற குறிப்பும் இல்லை.

அந்தத் தாள்களில் பாதிக்குமேல் என் கையெழுத்து!

2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, தோட்டப் பகுதிகளில் இருந்த சில பிள்ளைகளுக்கு நான் குறிப்புகள் எழுதி அனுப்பினேன். சிலவற்றை வட்ஸ்அப்பில், சிலவற்றை பஸ்ஸில் வருவோர் கையில். இன்று பெயர்ச்சொல், நாளை வினைச்சொல், மறுநாள் ஒரு துஆவின் பொருள் என்று மனம்போன போக்கில் அனுப்பினேன். என் தலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. தாளில் இருக்கவில்லை. பிள்ளை படிப்பை விட்டதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அரபு படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது புத்தகப் பஞ்சம் இல்லை, தாய்மார்களே. கைத்தொலைபேசியைத் திறந்தால் நூறு நூல்கள். எங்கே நிற்கிறோம், அடுத்து எதைத் தொடுவது என்பதுதான் பிள்ளைக்குத் தெரியவில்லை. மத்ரஸாவில் இருக்கும் மாணவனுக்கு உஸ்தாதும் மணியும் வகுப்பும் அதைச் சொல்லிவிடும். வீட்டில் அதைச் சொல்வதற்குப் பெட்டி ஒன்று வேண்டும். அதை அடுக்குவது அரபு தெரியாத தாயாலும் முடிந்த காரியம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. வெலிகமையில் பாரி மத்ரஸா 1884இல் தொடங்கியது. காலியில் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா 1892இல். மகரகமை கபூரிய்யா 1931இல். ஊவா மலைகளிலிருந்து இவை எவ்வளவு தூரம்! பதுளைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்ததே 1924இல்தான். ஆண்பிள்ளைகளை அனுப்புவதே அரிதாக இருந்த காலத்தில் பெண்கள் எங்கே போனார்கள்? வீட்டில் இருந்துகொண்டே அரபுத் தமிழில் படித்தார்கள். அரபு எழுத்துகளை எடுத்து, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி, தமிழை எழுதிய எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய ஃபத்ஹுத் தய்யான் போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் அந்த எழுத்தில்தான் வீட்டுப் பெண்களின் கைகளுக்கு வந்தன. பின்னாளில் கல்எலிய போன்ற இடங்களில் பெண்களுக்கென அரபுக் கல்லூரிகள் ஏற்பட்டன. இருந்தாலும், கடையைப் பார்த்துக்கொண்டு மலையில் வாழும் எல்லாக் குடும்பங்களாலும் மகளை விடுதியில் விட முடிவதில்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். இலத்தீன் மொழியை இன்று தாய்மொழியாகப் பேசும் சமுதாயம் எதுவும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டின் பெரிய ஆங்கிலப் பாடசாலைகளிலும் அதைக் கற்பித்தார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கரின் பூசை கூட அந்தந்த நாட்டு மொழிகளுக்கு மாறிவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் சில இலத்தீனையும் சொல்லிக் கொடுக்கின்றன. இலத்தீன் அறியாத தாய், பிள்ளைக்கு ஒரு பாடம் முன்னால் தானும் படித்துக்கொண்டு போகிறாள். வேதத்துக்கும் பழைய கல்விக்கும் உரிய மொழியை அந்த மொழி பேசாத வீட்டில் கற்பது எப்படி என்ற கேள்வி அவளுக்கும் நமக்கும் ஒன்றுதான். நம் தாய்மாருக்கு ஒரு வசதி அதிகம். பொருள் தெரியாவிட்டாலும் அரபு எழுத்தைச் சரளமாக வாசிப்பார்கள்.

சரி, பைக்கு வருவோம். பாயை விரித்து அத்தனையையும் கொட்டினோம். மூன்று குவியல் போடச் சொன்னேன். இப்போது படிப்பது, சந்தேகம் வந்தால் பார்ப்பது, பிறகு படிப்பது. பிறகு படிப்பது என்ற குவியல்தான் மலைபோல் வந்தது. அதை அப்படியே கட்டி மீண்டும் அலுமாரியின் மேல் ஏற்றினோம். இப்போது படிப்பது என்ற இடத்தில் ஒரேயொரு நூல்தான் இருக்கலாம் என்றேன். சகோதரிக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. “மூணு நூல் இருந்தா மூணு விதமாப் படிக்கலாமே?” என்றார். மூன்று நூல்களிலும் ஐந்தாம் பாடம் வரை படித்த பிள்ளைக்கு ஐந்தாம் பாடம்தான் தெரியும்.

அந்த ஒரு நூலாக மதீனாப் பாடநூலை எடுத்தோம். அதை எழுதிய கலாநிதி வ. அப்துர் ரஹீம் அவர்கள் 1933இல் தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் பிறந்தவர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபு தெரியாத நாட்டு மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில் உருவானது அந்நூல். 2023இல் அவர் காலமானார். முதற்பாகத்தில் 23 பாடங்கள், இரண்டாம் பாகத்தில் 31, மூன்றாம் பாகத்தில் 34. வீடு, கதவு, பேனா, திறப்பு, கட்டில் என்று கண்முன் இருக்கும் பொருள்களைச் சுட்டிக் கேட்பதில் தொடங்குகிறது. பாடத்துக்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் முதற்பாகம் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். வேறு நல்ல நூல் கையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. முழு நூலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் பக்கம் குறைந்த போட்டோக் கொப்பி பிள்ளையின் ஊக்கத்தைக் கொன்றுவிடும்.

அந்த நூலில் தமிழ் விளக்கம் இல்லை. அதனால்தான் குறிப்புகள் தேவைப்படுகின்றன. பழைய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்தப் பாடத்துக்குப் பொருந்துகிறது என்று பார்த்து, மேல்மூலையில் மூன்று எண்களை எழுதினேன். பாகம், பாடம், தாள். ஒன்று-ஏழு-இரண்டு என்றால் முதற்பாகத்தின் ஏழாம் பாடத்துக்குரிய இரண்டாவது தாள். இரவு பத்து மணியாகிவிட்டது. எண் போட முடியாத தாள்கள் பதினொன்று மிஞ்சின. எழுதிய எனக்கே அவை எதற்கென்று தெரியவில்லை.

கொப்பிகள் ஏழையும் மூடிவிட்டு, ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்து மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. அதாவது பெயர்ச்சொல், வினைச்சொல், இடையில் வரும் சிறுசொல். ஃபாஸ் நகரில் வாழ்ந்து 1323இல் மறைந்த இப்னு ஆஜுர்ரூம் அவர்களின் ஆஜுர்ரூமிய்யா என்னும் சிறிய நூல் அரபு மாணவர்களுக்கு மிகப் பழகிய ஒன்று. அதுவும் பேச்சை இந்த மூன்றாகப் பிரித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பிள்ளை எந்தப் புதுச் செய்தியைக் கற்றாலும் இந்த மூன்றில் ஒன்றில் அதற்கு இடம் உண்டு.

பெயர்ச்சொல் பகுதியின் முதற்பக்கத்தில் அவளது தமிழ்ப் பாடத்து வேற்றுமையை எழுதச் சொன்னேன். வீடு, வீட்டை, வீட்டில். பக்கத்தில் அல்பைது, அல்பைத, ஃபில்பைதி. சொல்லின் கடைசி ஒலி மாறுவதைப் பார்த்துவிட்டு, “இதுதானா மௌலவி ரஃப்உ, நஸ்பு, ஜர்ரு?” என்று கேட்டாள். இதுதான். தமிழ் படித்த பிள்ளைக்கு இது புதுமையே அல்ல. நாம்தான் அதைப் பூதமாக்கி வைத்திருக்கிறோம்.

இனிச் சொற்கள். அவளது பழைய கொப்பிகளில் சொற்கள் நீண்ட பட்டியலாக இருந்தன, ஒரு பக்கம் அரபு, ஒரு பக்கம் தமிழ். பட்டியலாகப் படித்த சொல் பட்டியலின் வரிசையில்தான் நினைவுக்கு வரும். எனவே துண்டுகளாக மாற்றினோம். கடையில் குவிந்து கிடந்த பழைய கல்யாணக் கார்டுகளை வெட்டினால் நல்ல தடித்த துண்டுகள் கிடைக்கும். முன்பக்கம் அரபு, பின்பக்கம் தமிழ்.

துண்டில் என்ன எழுத வேண்டும் என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். இலத்தீன் அகராதியில் பெயர்ச்சொல் தனியே நிற்காது. அதன் வேற்றுமை வடிவமொன்றும், ஆண்பாலா பெண்பாலா என்பதும் சேர்ந்தே இருக்கும். வினைச்சொல்லுக்கு நான்கு வடிவங்கள் கொடுப்பார்கள். அவை தெரிந்தால்தான் மற்ற வடிவங்களை உருவாக்க முடியும். அரபுக்கும் இதே கதைதான். கிதாப் என்று மட்டும் எழுதினால் போதாது. பன்மை குதுப். பைத் என்றால் புயூத், வலத் என்றால் அவ்லாத், மத்ரஸா என்றால் மதாரிஸ். ஒரு விதியில் அடங்காத பன்மைகளைச் சொல்லோடு சேர்த்தே மனனமிட வேண்டும். பாலையும் குறிக்க வேண்டும். ஷம்ஸ், சூரியன், அரபில் பெண்பால். கமர், சந்திரன், ஆண்பால். (இலத்தீனில் இது அப்படியே தலைகீழ். சூரியன் ஆண், சந்திரன் பெண்.)

வினைச்சொல்லில் இது இன்னும் முக்கியம். கதப, எழுதினான். யக்துபு, எழுதுகிறான். ஜலஸ, உட்கார்ந்தான். யஜ்லிஸு, உட்காருகிறான். ஃபதஹ, திறந்தான். யஃப்தஹு, திறக்கிறான். இறந்தகாலத்தில் மூன்றும் ஒரே ஓசை. நிகழ்காலத்தில் நடு எழுத்து ஒன்றில் உகரமாகவும், ஒன்றில் இகரமாகவும், ஒன்றில் அகரமாகவும் மாறிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பட்டியலில் இறந்தகாலம் மட்டுமே இருந்தது. நிகழ்காலத்தில் வாக்கியம் அமைக்கச் சொன்னபோதெல்லாம் அவள் தவறியது ஏன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

துண்டுகளைப் போட ஒரு சப்பாத்துப் பெட்டி. உள்ளே காட்போட் தடுப்புகள் வைத்து மூன்று அறைகள். முதல் அறைத் துண்டுகளை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் துண்டு இரண்டாம் அறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மறுபடியும் சரியென்றால் மூன்றாம் அறை, வாரத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் முதல் அறைக்கே திரும்பி வந்துவிடும். ஜெர்மன் மொழி எழுத்தாளர் செபஸ்தியான் லைட்னர் 1972இல் வெளியிட்ட நூலொன்றால் பரவிய முறை இது. அவர் சொன்னது ஐந்து அறை. நமக்கு மூன்று போதும். நாளுக்கு ஐந்து புதுச் சொற்கள், வெள்ளிக்கிழமை புதிது வேண்டாம். வாரத்துக்கு முப்பது சேர்ந்துவிடும்.

உம்மாவின் வேலை இங்கேதான். அரபுப் பக்கத்தைப் பிள்ளைக்குக் காட்டி, தமிழைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு தமிழைச் சொல்லி, பிள்ளை எழுதும் அரபு துண்டில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். குர்ஆன் ஓதத் தெரிந்த கண்ணுக்கு இது முடியும். அந்த வீட்டில் உம்மாவை முந்திக்கொண்டு உம்மம்மாதான் துண்டுகளைக் கையில் எடுத்தார். ஸபர், வக்து, கலம் என்று தனக்குத் தெரிந்த சொற்கள் வரும்போதெல்லாம் பேத்திக்கு முன் தானே பதில் சொல்லிவிட்டார்!

வினை வாய்ப்பாட்டை மட்டும் பெட்டிக்குள் வைக்கவில்லை. அவன், அவர்கள் இருவர், அவர்கள் பலர். அவள், அப்படியே மூன்று. நீ என்பதில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று. நான், நாம். ஆக 14 வடிவங்கள். பெரிய தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். உடுப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

இனி, அந்தச் சகோதரியின் பயம். பை வீங்கியதற்கு அதுவே காரணம். அரபு எழுத்து உள்ள எந்தத் தாளையும் வீசக்கூடாது என்ற மரியாதை நம் வீடுகளில் ஊறியது. அதற்கு ஓர் எல்லை தெரிய வேண்டும். குர்ஆன் வசனங்கள் உள்ள பழைய தாள்களை மிதிபடாத தூய்மையான இடத்தில் புதைக்கலாம். எரித்துவிடுவதற்கும், கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்கள் காலத்தில் பிரதிகளை ஒன்றாக்கியபோது செய்ததை அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் ‘கதவு திறந்திருக்கிறது’ என்று அரபில் எழுதிப் பழகிய தாள் குர்ஆன் அல்ல. அல்லாஹ்வுடைய பெயரோ வசனமோ அதில் இல்லையென்றால் ஆண்டாண்டாகச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெண்பிள்ளைகள் கேட்கத் தயங்கும் இன்னொரு விடயமும் உண்டு. மாதவிடாய் நாட்களில் பலர் அரபுப் பாடத்தையே தொடுவதில்லை. மாதத்தில் ஒரு வாரம் அப்படி நின்றுவிட்டால், சொற்பெட்டியின் முறையே குலைந்துவிடும். அந்த நாட்களில் தொடக்கூடாது என்பது குர்ஆன் பிரதியைப் பற்றிய சட்டம். சொற்துண்டுக்கும் இலக்கணக் கொப்பிக்கும் அது பொருந்தாது. பாடநூலில் உதாரணமாகச் சில வசனங்கள் வந்தாலும் அது குர்ஆன் பிரதியாகிவிடாது. விரிவுரை வசனத்தைவிட அதிகமாக உள்ள தஃப்ஸீர் நூலைத் தொடுவதையே ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. குழப்பம் வராமல் இருக்க, வசனங்கள் எழுதிய தாள்களை மட்டும் தனி பைலில் போட்டு, ஜுஸ்உ அம்மவோடு மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். பெட்டியும் கொப்பியும் நூலும் மாதம் முழுவதும் மேசையில் இருக்கலாம். இதைச் சொன்னபோது மகள் தலையைக் குனிந்துகொண்டாள், உம்மா, “இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல்லையே” என்றார்.

கைத்தொலைபேசியில் இருப்பவற்றுக்கும் ஒரு வார்த்தை. இப்போதைய பாடத்துக்குரிய ஒலிப்பதிவு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அழித்துவிடலாம், தேவைப்படும்போது மீண்டும் கிடைக்கும்.

ஊவாவில் இருப்பவர்களுக்கு ஈரம் பெரிய எதிரி. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் பனிமூட்டமும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போட்டோக் கொப்பித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பேனா மை பரவும். பெட்டியை வெளிச்சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். அடுப்படிக்குப் பக்கத்து உட்சுவர் நல்லது. துண்டுகளைப் பென்சிலால் அல்லது பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். வெயில் வந்ததும் ஒருநாள் எல்லாவற்றையும் முற்றத்தில் விரித்து எடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பாதையில் போனபோது கடையில் இறங்கினேன். பன்னிரண்டாம் பாடத்தில் நிற்பதாகச் சொன்னாள். அதிபரிடம் அரபு எடுப்பதாகப் பெயர் கொடுத்தாயிற்றாம். என்னுடைய குறிப்பொன்றில் எண் தவறு என்று எடுத்துக் காட்டினாள். ஒன்று-பத்து-மூன்று என்று இருக்க வேண்டியது ஒன்று-ஒன்பது-மூன்று என்று இருந்தது. அங்கேயே திருத்திக் கொடுத்தேன்.

அவளுடைய தம்பி தரம் ஆறில் படிக்கிறான். சப்பாத்துப் பெட்டியைத் தனக்கும் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான். நூலில் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம், விடைகளைப் பென்சிலால் எழுது என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு அதே நூல்தான் அவனுக்கு.